பெருவிரல் கட்டோடு நடந்தவர்கள்

அந்தப் படம் இப்போது உலகத்தில் எங்கும் இல்லை. இரண்டு வீடியோ நாடாக்களில் அது இருந்தது. ஒன்று கிள்ளானில் மாமா வீட்டு அலமாரியின் அடித்தட்டில், வெள்ளத்தில் ஊறிப் பூஞ்சை பூத்துப் போனது. மற்றொன்று பிரிக்பீல்ட்ஸில் நாடாக்களை வாடகைக்கு விடும் ஒரு கடையில் கொஞ்ச காலம் இருந்தது. அந்தக் கடையில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். ஆகவே இது இல்லாத ஒரு படத்தைப் பற்றிய எழுத்து. குறைகளைச் சொல்வேன், நிறைகளையும் சொல்வேன். சரிபார்க்க நாடா இல்லை, நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

உங்களில் சிலர் அதைப் போட்டுக் காட்டிய அன்று மண்டபத்தில் இருந்தீர்கள். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு, தலையில் எண்ணெய் வழிய, கால் தரையில் எட்டாமல் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தீர்கள். நாற்காலியின் இடுக்கில் விரல் மாட்டி அழுதவன் ஒருவன் இப்போது பேரப்பிள்ளை எடுத்துவிட்டான். நான் எங்காவது பிழையாகச் சொன்னால் திருத்துங்கள்.

எந்த ஆண்டு என்று கேட்பீர்கள். என்னைத் தெரிந்தவர்கள் கட்டாயம் கேட்பீர்கள், ஏனென்றால் கல்யாணப் பத்திரிகையைக்கூடத் தேதி பார்த்து அடுக்கி வைப்பவள் நான். ஆனால் இந்த ஒன்றில் என் கையில் தாள் ஏதும் இல்லை. நான் ஐந்தாம் ஆண்டு முடித்திருந்த ஆண்டிறுதி விடுமுறை என்பது உறுதி. தீபாவளி முறுக்கு டின்னின் அடியில் நொறுங்கல் மட்டும் மிஞ்சியிருந்தது. பிற்பகலில் தவறாமல் மழை பெய்தது. இந்த மழை முக்கியம்; படத்தில் அதற்கும் ஒரு வேடம் உண்டு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவர். தோளில் வைக்கும் கேமரா அவருடையது. அதிலிருந்து ஒரு தடித்த கம்பி போய் இன்னொரு பெட்டியில் சேரும். நாடா அந்தப் பெட்டிக்குள்தான் ஓடும். பெட்டியை யாராவது தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே வர வேண்டும். மாமா மணமகளைப் பிடிக்க ஓடினால் பெட்டிக்காரரும் ஓட வேண்டும். எதிர்வீட்டு லோரி ஓட்டும் அண்ணன்தான் பெரும்பாலும் பெட்டிக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு லோரி ஓடாது, கல்யாணச் சாப்பாடும் கிடைக்கும்.

அப்பா துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் மாமாவுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார். பொங்கல் முடிந்ததும் சேர வேண்டும். மாமாவுக்கு விருப்பமில்லை.

"பந்தியில சாப்பிடுறவன் வாயப் படம் புடிக்கிறதெல்லாம் ஒரு வேலையாடா?" என்றார் அம்மா.

"அக்கா, ஒரே ஒரு படம். கல்யாணம் இல்ல, என் சொந்தக் கதை. மண்டபத்துல போட்டுக் காட்டுறேன். முடிஞ்சதும் ஒருத்தராச்சும் வந்து கை குடுத்து, 'அடுத்தது எப்ப?'ன்னு கேக்கணும். கேக்கலன்னா நான் வாயத் தொறக்காம போர்ட்டுக்குப் போறேன்."

"ஒருத்தர் போதுமா?"

"போதும்."

"நானே கேட்டா?"

"நீ கணக்குல இல்ல லா."

நான் சாப்பாட்டு மேசைக்குக் கீழே கோந்து டப்பாவோடு இருந்தேன். ஒருவர் போதும் என்பது எனக்கு மிகவும் சுலபமான காரியமாகத் தோன்றியது.

மாமா எங்கிருந்தோ ஓர் ஆங்கில நடைப்பிணப் படத்தின் நாடாவை வாங்கி வந்திருந்தார். நகலுக்கு நகல் எடுத்து, நிறமெல்லாம் வெளுத்துப்போன நாடா. அதில் செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடு இருப்பவர்களைக் கடித்தார்கள். மாமா அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்.

"அதுங்களுக்கு யாரும் படைக்கல. பசி. அதான் கடிக்குது."

அந்த ஒரு வரியிலிருந்துதான் எங்கள் படத்தின் கதை பிறந்தது. கிள்ளானில் ஒரு தாமான், வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பு. அங்குள்ளவர்களுக்கு எதற்கும் நேரமில்லை. பதினாறாம் நாள் காரியத்தை விடுமுறை நாளுக்கு முன்தள்ளி, கடையில் வாங்கிய வடையை வைத்துக் கும்பிட்டு முடித்துவிடுகிறார்கள். பசியோடு போன பிணங்கள் திரும்பி வருகின்றன. யாரையும் கடிப்பதில்லை. அவரவர் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நிற்கின்றன, அவ்வளவுதான். உள்ளே இருப்பவர்கள் பயந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். கடைசியில் ஒரு சிறுமி மட்டும் தன் அம்மாவுக்குக் கதவைத் திறந்து இலை போடுகிறாள். அந்தச் சிறுமி நான்.

இது நல்ல கதை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்று லோரி அண்ணன் ஒரே கேள்வியில் அதைச் சாய்க்கப் பார்த்தார்.

"தம்பி, நம்ம ஆளுங்கள எரிச்சிடுறோம். சாம்பல் எழுந்து நடக்குமா?"

"தோட்டத்துல புதைக்கிறாங்கல்ல அண்ணே? பந்திங் பக்கம் பாருங்க, எவ்ளோ மேடு."

"சரி, பந்திங்லேர்ந்து கிள்ளானுக்கு எப்படி வரும்? பஸ் ஏறியா?"

லோரி அண்ணன் கேலியாகத்தான் கேட்டார். மாமா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பஸ் ஏறித்தான்," என்றார்.

அடுத்து நடை. பிணம் எப்படி நடக்கும் என்பதில் ஒரு பகல் போனது. லோரி அண்ணன் நடந்தால் குடித்தவர் மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் கையை நீட்டிக்கொண்டு நடந்தார்கள். தூக்கத்தில் கழிவறை தேடுகிறவர்கள் போல இருந்தது. மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தச் சமயம்தான் நான் கேட்டேன். எங்கள் வீட்டு வரிசையில் ஒரு சாவு விழுந்து அதிக நாள் ஆகவில்லை. நான் கூட்டத்தில் கால்மாட்டில் நின்றிருந்ததால் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்திருந்தேன்.

"மாமா, செத்தவங்களுக்குக் கால் பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டிடுவாங்களே. அப்புறம் எப்படி நடப்பாங்க?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே ஓடிப்போய் அம்மாவின் பழைய வெள்ளைப் பாவாடை ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தார். லோரி அண்ணனின் பெருவிரல்களைக் கட்டி, "இப்ப வாங்கண்ணே," என்றார். அண்ணனால் ஒரு சாண் அளவுக்குத்தான் பாதத்தை நகர்த்த முடிந்தது. இடது குதிகால், வலது குதிகால் என்று சிமெண்டுத் தரையில் தேய்ந்து தேய்ந்து வந்தார். உடம்பு விறைத்து, கை தானாகப் பக்கத்தில் தொங்கியது. யாரும் சிரிக்கவில்லை. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

இந்தப் படத்தின் முதல் நிறை அதுதான். வேறு எந்த நாட்டுப் பிணமும் அப்படி நடக்காது.

குறைகளுக்கு வருகிறேன். முகத்துக்குத் திருநீறு பூசலாம் என்று மாமா நினைத்தார். சாமி அறைப் பக்கம் வந்தால் காலை ஒடிப்பேன் என்று அம்மா சொன்னதால் முகப்பவுடருக்கு மாறினோம். வியர்த்ததும் அது திட்டுத் திட்டாகப் போனது. ரத்தத்துக்கு ரோஸ் சிரப். யாரும் யாரையும் கடிக்காத படத்தில் ரத்தம் எதற்கு என்று நான் கேட்டதற்கு, "ரத்தம் இல்லாம போஸ்டர் எப்படி?" என்றார் மாமா. போஸ்டர் அடிக்கவே இல்லை. சிரப்புக்கு எறும்பு வந்தது. படத்தின் ஒரு முக்கியமான இடத்தில் மூன்று பிணங்கள் கூட்டமாக நின்று முதுகு சொறிகின்றன. நெற்றிக் காசைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினோம். அது ஒவ்வொன்றாக விழுந்து உருள்வது படத்தில் தெளிவாகக் கேட்கும். லோரி அண்ணன் கைக்கடிகாரத்தைக் கழற்ற மறுத்துவிட்டார். "மாமனார் போட்டது தம்பி. குளிக்கும்போதே கழட்ட மாட்டேன், செத்தா மட்டும் கழட்டுவேனா?" என்றார். படத்தின் பெயரைக் கரும்பலகையில் சாக்குக்கட்டியால் எழுதி எடுத்தார் மாமா. தூறல் விழுந்து பாதி எழுத்து கரைந்துவிட்டது. அந்தப் படத்தின் பெயர் என்ன என்பதில் இன்றுவரை எங்கள் குடும்பத்தில் வழக்கு இருக்கிறது.

பெரிய சிக்கல், செத்துப்போன அம்மாவாக யார் நடிப்பது என்பது. என் அம்மாவிடம் மாமா கேட்டார்.

"தாலியோட இருக்கேன். என்னைப் பொணமா நடிக்கச் சொல்றியே, கூறு இருக்கா உனக்கு?"

கல்யாணமாகாத அக்கா ஒருவரைக் கேட்டார்கள். அவர் வீட்டில், இதில் நடித்தால் அப்புறம் ஆகவே ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். கணவனை இழந்தவர்களிடம் கேட்டால் அவமதிப்பதாகிவிடும் என்று யாரும் வாயெடுக்கவில்லை. ஆகமொத்தம் எங்கள் தாமானில் பிணமாக நடிக்கத் தகுதியுள்ள ஒரு பெண்கூட உயிரோடு இல்லை.

பள்ளி கேண்டீன் ஆன்டி தானாகவே வந்தார். எங்கள் பள்ளியில் மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸும் மிளகாய்ச் சம்பல் முட்டையும் விற்றவர். உங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். கணவர் இளவயதிலேயே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. மாமா எடுத்த கல்யாண நாடாக்களில் அவர் இருப்பார், ஆனால் முகம் இருக்காது. தாலி கட்டும் நேரத்தில் தூணுக்குப் பின்னால் ஒரு சேலைத் தலைப்பு தெரியும். பந்தி நேரத்தில் குழம்பு வாளியைப் பிடித்த ஒரு கை தெரியும்.

"என்னைக் கேக்க ஏன்பா கூசுறீங்க?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கல்யாணத்துல முன்னால நிக்க விட மாட்டீங்க. இதுலயாச்சும் நிக்கிறேன். ஆனா தம்பி, ஒண்ணு சொல்லிட்டேன். நான்தான் முன்னால வருவேன். குளோசப் வேணும்."

அம்மா தேநீர் கலக்க உள்ளே போனார். வெகுநேரம் கலக்கினார்.

பந்திங்கில் எடுத்த பேருந்துக் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. செம்பனைத் தோட்டத்துக்கு வெளியே ஒரு நிறுத்தம். ஐந்து பிணங்கள், பவுடர் முகம், வாயைச் சுற்றித் துணிக்கட்டு, பெருவிரல் கட்டு. பேருந்து வருவதைத் தூரத்திலிருந்து பிடித்துவிட்டு, அது கடந்து போனதும் நிறுத்திக்கொள்வதுதான் மாமாவின் திட்டம். பேருந்து நின்றுவிட்டது. நடத்துநர் இறங்கி வந்தார்.

"ஏறலயா?"

வாய் கட்டியிருந்ததால் யாரும் பதில் சொல்லவில்லை. மாமாவும் நானும் புதருக்குப் பின்னால் இருந்தோம். நடத்துநர் துணிக்கட்டைப் பார்த்தார், கால் கட்டைப் பார்த்தார். அவர் குரல் மாறிவிட்டது.

"நேர்த்திக்கடனா? பேசக் கூடாதா? சரி சரி, ஏறுங்க. டிக்கெட் வேணாம்."

கால் கட்டோடு படியேற முடியவில்லை. உள்ளேயிருந்து இரண்டு பேர் இறங்கி வந்து ஒவ்வொருவரையும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஏற்றினார்கள். சன்னலோரத்தில் இருந்த ஓர் அக்கா எழுந்து கேண்டீன் ஆன்டிக்கு இடம் விட்டார். ஒருவர் லோரி அண்ணனின் முதுகில் ஒட்டியிருந்த எறும்பைத் தட்டிவிட்டார். பேருந்து புறப்பட்டுப் போயே போய்விட்டது. மாமா கேமராவை நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் பெட்டியையும் என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு துரத்தினார்.

இருப்பவர்கள் செத்தவர்களைக் கைத்தாங்கலாகப் பேருந்தில் ஏற்றும் காட்சி, காசு போட்டு யோசித்து எடுத்திருந்தாலும் அப்படி வந்திருக்காது.

கடைசிக் காட்சி எங்கள் வீட்டு முன்னறையில். படத்தில் என் அம்மாவான கேண்டீன் ஆன்டி கேட்டுக்கு வெளியே, மழையில், கால் கட்டோடு வந்து நிற்க வேண்டும். நான் கதவைத் திறக்க வேண்டும். அவர் நடந்து வந்து இலைக்கு முன் உட்கார வேண்டும். நான் பரிமாறிக்கொண்டே மாமா செந்தமிழில் எழுதிக்கொடுத்த முழுப்பக்க வசனத்தைப் பேசி, கட்டை அவிழ்த்துவிட வேண்டும். அதன் பிறகு அம்மா சாதாரணமாக நடந்து வெளியே போவார்.

இலையில் பாயாசம், வடை என்று மாமா சொல்லியிருந்தார். "செத்தவளுக்குப் புடிச்சதத்தான படைக்கணும்? எனக்குப் பாயாசம் ஆகாது," என்று கேண்டீன் ஆன்டி தானே மீ கோரெங் செய்து கொண்டுவந்திருந்தார். மேலே சம்பல்.

மழை சொன்ன நேரத்துக்கு வந்தது. வாசல் தகரத்தில் அது விழுந்த சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நனைந்த வெள்ளைச் சேலையோடு அவர் தேய்ந்து தேய்ந்து வந்து உட்கார்ந்தார். எனக்கு வசனம் முழுக்க மறந்துவிட்டது. முதல் சொல்கூட வரவில்லை. இலையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. "சாப்பிடும்மா. ஆறிடும்," என்று சொன்னேன்.

அவர் சாப்பிட்டார். நடிப்புக்கு இரண்டு வாய் என்பதுதான் பேச்சு. அவர் இலையை வழித்து முழுவதையும் சாப்பிட்டார். பவுடரில் இரண்டு கோடு இறங்கியது. நான் கீழே உட்கார்ந்து கால் கட்டை அவிழ்க்கப் பார்த்தேன். நனைந்த துணி இறுகிப் போயிருந்தது, முடிச்சு அசையவில்லை. நகத்தால் கிளறினேன், பல்லால் இழுத்தேன். மாமா நிறுத்தச் சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. ஆன்டி என் தலைமேல் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் முடிச்சு இளகியது. அவர் எழுந்து, ஒரு காலை முழுதாக எடுத்து வைத்து, அப்புறம் மறு காலையும் எடுத்து வைத்து, மழைக்குள் போனார்.

"ஏன் ஆன்டி அழுதீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"சம்பல் காரம்டி," என்றார்.

படத்தைக் காட்டியது பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்க மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம். மேடையில் இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகளை மேசைமேல் ஏற்றி வைத்திருந்தார்கள். மின்விசிறிகள் சுற்றின, வெளியே ரயில் போகும்போதெல்லாம் சன்னல் அதிர்ந்தது. தாமான்காரர்கள், உறவுக்காரர்கள், மாமா கல்யாணம் எடுத்துக்கொடுத்த குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தார்கள். மாமா கல்யாணத்துக்குப் போடும் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தார்.

முதல் பாதி முழுக்கச் சிரிப்பு. கைக்கடிகாரத்துக்குச் சிரித்தார்கள், எறும்புக்குச் சிரித்தார்கள். காசு உருண்டதும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "எடுத்து உண்டியல்ல போடு!" என்றார். மாமா புதிய நாடா வாங்க வழியில்லாமல் பழைய கல்யாண நாடாக்களின் மேலேயே பதிவு செய்திருந்தார். ஓரிடத்தில் வெட்டு சரியாக விழவில்லை. பிணங்கள் நடுவே திடீரென்று ஒரு மணமகளும் மணமகனும் மாலையோடு வந்து சிரித்துவிட்டு மறைந்தார்கள்.

"ஐயோ, அது நம்ம கல்யாணம்!" என்று ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"அடேய், எங்க கல்யாணத்து மேலயா பொணத்த எடுத்த?" என்றார் அவருடைய கணவர். மண்டபமே குலுங்கியது. மாமாவும் சிரிக்கப் பார்த்தார்.

பேருந்துக் காட்சியில் சிரிப்பு குறைந்தது. ஆன்டி இலைக்கு முன் உட்கார்ந்தபோது யாரோ ஒரு குழந்தையின் வாயைப் பொத்தினார்கள். நான் முடிச்சோடு போராடிய அந்த நீளமான காட்சி முழுக்க மின்விசிறிச் சத்தமும் நாடாவில் இருந்த மழைச் சத்தமும் மட்டும்தான் கேட்டன. படம் முடிந்து திரை நீலமானது. யாரும் கை தட்டவில்லை.

எல்லாரும் எழுந்தார்கள். மாமா பெரிய கதவுக்கு அருகில் போய் நின்றுகொண்டார். அவருடைய வலது கை கொஞ்சம் முன்னால் நீண்டிருந்தது. ஒவ்வொருவராக அவரைக் கடந்து போனார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. யாரும் "வரேன்" என்றுகூடச் சொல்லவில்லை. தன் கல்யாணம் அழிந்துபோன அந்தக் கணவர்கூடத் திட்டாமல், தலையைக் குனிந்தபடி மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். பாதிக் கூட்டம் போனதும் மாமா கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

நான் அதைக் கொஞ்சம்தான் பார்த்தேன். அம்மா என்னை மண்டபத்தின் பக்கவாட்டுக்கு இழுத்துப் போய்விட்டார். அங்கே ஒரு குழாயடி இருந்தது. பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் காற்சட்டையைச் சுருட்டிவிட்டுத் தங்கள் முறைக்கு நின்றார்கள். ஒருவர் முகத்திலும் தண்ணீர் அடித்துக்கொண்டார். யாரும் யாரோடும் பேசவில்லை. அம்மா என் காலையும் பிடித்துக் கழுவிவிட்டார். கேண்டீன் ஆன்டி மட்டும் சுவரில் சாய்ந்து நின்று எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கழுவலயா ஆன்டி?"

"செத்தவ எதுக்குடி கழுவணும்? நீங்கதான் கழுவணும்," என்று சொல்லிச் சிரித்தார்.

அது எனக்கு வெறும் வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது. மழைநாள், எல்லார் காலிலும் சேறு இருந்திருக்கும்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அம்மா சொன்னார்: "பாத்தியா, ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல."

மாமா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தூரம் போனதும் கேட்டார்: "போர்ட் ஆபிஸ்ல என்ன மாதிரி சட்டை போடணும்?"

பொங்கல் முடிந்து அவர் வேலையில் சேர்ந்தார். கேமராவையும் பெட்டியையும் ஒரு ஸ்டூடியோவுக்குக் கொடுத்துவிட்டார். அவர் கெட்டுப்போய்விட்டார் என்று நான் கதை கட்ட மாட்டேன். கல்யாணம் செய்தார், வீடு வாங்கினார், துறைமுகத்திலேயே ஓய்வு பெற்றார். மற்றவர் வீட்டுக் கல்யாணத்தில் வீடியோக்காரர் தவறான இடத்தில் நிற்பதைப் பார்த்தால் மட்டும் நாற்காலியில் நெளிவார். அந்தப் படத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "ஒரு கோமாளித்தனம்," என்று முடித்துவிடுவார்.

இந்த ஆண்டு, தைப்பூசம் கழிந்த பிறகு, கேண்டீன் ஆன்டி காலமானார். மாமாவுக்கு முழங்கால் அறுவை ஆகியிருந்ததால் வர முடியவில்லை. நான் போனேன். கால்மாட்டில்தான் இடம் கிடைத்தது. வெள்ளைத் துணியால் பெருவிரல்களைக் கட்டியிருந்தார்கள். அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ நன்றாகப் போட்டிருந்தார்கள். சுலபமாக அவிழும் முடிச்சு.

எடுத்துக்கொண்டு போன பிறகு, வழக்கம்போல யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தேன். சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. நமக்கு அதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை, உடம்புக்கே தெரியும். வாசல் குழாயில் எனக்கு முன்னால் ஒருவர் காற்சட்டையைச் சுருட்டிக் கால் கழுவிக்கொண்டிருந்தார். அன்று மண்டபத்தில் நாற்காலியில் விரல் மாட்டிக்கொண்டவர்தான். தலையைக் குனிந்தபடி, பேசாமல், எனக்கு இடம் விட்டு நகர்ந்தார். குழாயைத் திருப்பப் போன என் கை அப்படியே நின்றது. பிரிக்பீல்ட்ஸ் குழாயடி முழுதாகக் கண்முன் வந்தது.

அன்று அவர்கள் படம் பார்த்துவிட்டுப் போகவில்லை. சாவு வீட்டிலிருந்து போனார்கள்.

உடனே மாமா வீட்டுக்குப் போக முடியாதே. வீட்டுக்கு வந்து தலைமுழுகி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். மாமா காலை ஒரு முக்காலியில் நீட்டியபடி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அன்னைக்கு மண்டபத்துல நீங்க பெரிய கதவுகிட்ட நின்னீங்க. நான் பக்கத்துல, குழாயடியில இருந்தேன்."

"அதுக்கு?"

"எல்லாரும் கால் கழுவிட்டுத்தான் போனாங்க."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு முழுவதுமாக அணைத்துவிட்டார்.

"யாரு யாரு?"

சொன்னேன். லோரி அண்ணன், அவர் மனைவி, கல்யாணம் அழிந்துபோன கணவன் மனைவி. அவர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். இவர் கழுவினாரா, அந்தப் பெரியவர்? மூக்குக்கண்ணாடி போட்ட ஆன்டி?

"உங்கம்மா?"

"அம்மாவும்தான். என் காலையும் கழுவிவிட்டாங்க."

"அவதான கார்ல, ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலன்னு சொன்னா!"

"அம்மாவுக்கே தெரியல மாமா, தான் ஏன் கழுவுனோம்னு."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"அடப்பாவிங்களா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சாவு வீட்டுல யாரு மாமா சொல்லுவாங்க?"

அத்தை கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறியது. பிறகு, நேற்று எடுத்த படத்தைப் பற்றிப் பேசுகிறவர் போல ஆரம்பித்தார்.

"அந்த வாட்ச்சக் கழட்டச் சொன்னேன். கேக்கவே இல்ல."

"ஆமா."

"ரத்தம் தேவையில்ல. நீ அப்பவே சொன்ன."

"சொன்னேன்."

"ஆனா அந்த முடிச்சு..."

"முடிச்சு நல்லா இருந்துச்சு மாமா."

"நிறுத்திடலாம்னுதான் நெனச்சேன். கை போகல."

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "அப்ப மாமா, போயிட்டு..." என்று தொடங்கினேன். அவர் கையைத் தூக்கித் தடுத்தார்.

"சொல்லாத. அப்படியே போ."

என்ன பேச்சு இது என்று கடிந்துகொள்ளத் திரும்பினேன். அவர் முகத்தில் அவ்வளவு நிறைவு இருந்தது. அந்த நீலச் சட்டை நாளில், கதவருகே நின்றபோது, இருந்திருக்க வேண்டிய முகம். நான் வாயை மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"கேட்டுகிட்ட குழாய் இருக்கு லா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

செருப்பைக் கழற்றி, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, இரண்டு காலையும் நிதானமாகக் கழுவினேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.